எதிர்த்துப் பேசியவர் என் நண்பர்

அகில இந்திய ஹைஸ்கூல் விவாதப் போட்டிக்கு ஒவ்வொரு பள்ளியும் இரண்டு பேரை அனுப்ப வேண்டும். ஒருவர் தீர்மானத்தை ஆதரித்துப் பேசுவார். மற்றவர் எழுந்து அவரையே எதிர்த்துப் பேசுவார். இருவர் மார்க்கையும் கூட்டித்தான் பள்ளிக்கு இடம். சென்னை மாகாணத்தில் முதலாவதாக வரும் பள்ளி மார்ச் மாதம் இறுதிப் போட்டிக்கு நாக்பூர் போகும்.

பகல் வகுப்பிலிருந்து கிச்சாவைத் தேர்ந்தெடுத்தார்கள், மாலை வகுப்பிலிருந்து என்னை. நான் தணிகாசலம், வயது இருபது. திருத்தணியிலிருந்து வந்து பதினோரு மாதம் ஆகிறது. பகலில் லஸ்ஸில் ஒரு மரக்கடையில் சரக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆறரை மணிக்கு ஆறாம் பாரம் படிக்கிறேன். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று டைரியில் மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது, ‘வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை’ என்பது. மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன்.

தீர்மானம்: ‘நகர வாழ்வு மனிதனைத் தனியனாக்குகிறது.’ கிச்சா ஆதரவு, நான் எதிர்ப்பு.

தினமும் ஐந்தரைக்குப் பள்ளி மைதானத்தில் பேசிப் பழகினோம். கிச்சாவுக்குப் பதினேழு வயது. தியாகராய நகரில் சொந்த வீடு, நான்கு அக்காக்கள். முதல் நாள் நான், “நீங்க முதல்ல பேசுறீங்களா?” என்று கேட்டேன்.

“என்ன நீங்க நாங்கன்னுண்டு! கிச்சான்னு கூப்பிடு, போறும்.”

அதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

பழகி முடித்த பிறகும் வகுப்பு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். மறுநாள் அவனிடம் என்னென்ன சொல்லலாம் என்று அறையில் உட்கார்ந்து எழுதிவைப்பேன். பிறகு அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து அறை ஜட்கா வண்டிக்காரர் பொன்னுரங்கம் ஒருநாள் தலையை நீட்டினார்.

“இன்னா நைனா, செவுத்தாண்ட பேசிக்கினு கீறே?”

“போட்டிக்குப் பழகுறேங்க.”

“பாத்து. செவுரு ஜெயிச்சுடப் போவுது.”

மூன்றாவது வாரம், யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கிச்சாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் போய் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, அரக்கோணம் வண்டி வரும்போது நிற்பேன். எனக்கு யாரும் வரப்போவதில்லை. அழைத்துப்போக வந்தவர்கள் கூட்டத்தில் தங்கள் ஆளைக் கண்டதும் கையைத் தூக்கி ஆட்டுவார்கள். அதைப் பார்க்க நன்றாக இருக்கும். கிச்சா சிரிக்கவில்லை. “ம்” என்றான். அன்று நன்றாகத் தூங்கினேன் என்று டைரியில் இருக்கிறது.

போட்டியில் தோற்றால் அவன் ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரக் காரணம் இராது. நாக்பூர் எப்படிப்பட்ட ஊர் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மணி நேரம்.

பிப்ரவரி பதினாறு, சனிக்கிழமை. மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபம்; பதினான்கு பள்ளிகள். கிச்சாவின் வீட்டார் இரண்டாவது வரிசையை நிரப்பியிருந்தார்கள். பொன்னுரங்கத்தைக் கூப்பிடலாமா என்று இரண்டு நாள் யோசித்து, கூப்பிடாமல் விட்டிருந்தேன்.

மேடைப் பேச்சு இங்கிலீஷில். முதல் நான்கு நிமிஷம் கிச்சா பழகியபடியே பேசினான். ஐந்தாவது நிமிஷத்தில் நான் கேட்டிராத ஒன்றைத் தொடங்கினான்.

“ஆறரை லட்சம் பேர் வாழும் இந்த ஊரில் ஒரு வாலிபனை எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அவன் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்குகிறான்...”

எல்லாவற்றையும் சொன்னான். யாருக்கோ ஆட்டும் கைக்கு அவனும் பதிலுக்குக் கை ஆட்டுவான் என்றான். நான் ஒருநாளும் ஆட்டியதில்லை. அதைக் கிச்சாவே சேர்த்துக்கொண்டிருந்தான். மண்டபம் முதலில் சிரித்தது. பிறகு அமைதியானது. மணி அடித்தபோது கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

என் முறை. கையில் ஏழு சீட்டுகள் இருந்தன: நூல் நிலையம், ஆஸ்பத்திரி, டிராம், சங்கங்கள். எதிலும் இதற்குப் பதில் இல்லை. முன்னால் பேசியவரை மறுப்பதற்கு மட்டும் இருபது மார்க். காது சுட்டது. சீட்டுகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

“அந்த வாலிபன் நான்தான்,” என்றேன்.

இரண்டாவது வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆனால் இது இவருக்கு எப்படித் தெரிந்தது? நான் சொன்னேன். சொந்த ஊரில் பத்தொன்பது வருஷம் இருந்தும், மனத்தில் உள்ளதைச் சொல்ல எனக்கு ஒருவர் கிடைக்கவில்லை. இந்த நகரம் பதினோரு மாதத்தில் ஒருவரைக் கொடுத்தது. இப்போது என்னை எதிர்த்துப் பேசியவர் என் நண்பர்.”

இதைத் தயாரித்து வைத்திருக்கவில்லை. சொன்ன பிறகுதான், உண்மையாகவே அப்படி நினைக்கிறேன் என்று தெரிந்தது.

எங்கள் பள்ளிதான் முதலாவது. மறுப்புக்கு எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது.

வாசலில் கிச்சா என் தோளைப் பிடித்து உலுக்கினான். “அசத்திட்டே போ! நண்பர்னு ஒரு போடு போட்டியே, அங்கதான் மார்க்கு. நான் அந்தப் பிளாட்பாரம் கதையை எடுத்து விட்டா நீ ஏதாவது யுக்தி பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்.”

“யுக்தி இல்ல, கிச்சா.”

“சரி சரி, எங்கிட்டயேவா!” என்று சிரித்தான். அதற்குள் அவன் அக்கா, “டேய், அப்பா காத்துண்டிருக்கார்டா,” என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்தான். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“நாக்பூர்லயும் அதையே வச்சுக்கலாம். நண்பர்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு நிறுத்து. என்னைப் பாத்துண்டே சொல்லு. எங்க, ஆரம்பி.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு ஐந்தரைக்கு இங்கே யார் வருவார்கள்?

அவனைப் பார்த்துச் சொன்னேன்.

“ஊஹூம். அன்னிக்கு நிஜமாட்டம் இருந்தது. இன்னொரு தடவை.”

மறுபடியும் சொன்னேன். நான்காவது தடவை சரியாக வந்துவிட்டது என்றான்.