அம்மாவுக்காக

காயத்ரி எழுதிக்கொண்டிருந்த நாவலை உமாராணி ஒரே பகலில் படித்து முடித்தாள். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம்.

இருவருக்கும் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்கில் எதிரெதிர் குவார்ட்டர்ஸ். உமாராணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே கதை எழுதுகிறாள். இன்னும் ஒரு புத்தகமும் வரவில்லை. காயத்ரி போன வருடம்தான் எழுதத் தொடங்கினாள். சென்னையில் ஒரு பதிப்பகம் அவளுடைய கடைசி அத்தியாயத்துக்காகக் காத்திருந்தது.

நாவலில் கொளஞ்சியப்பன் என்று ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. மைன்ஸில் பெர்மனன்ட் ஆக வேண்டும் என்று வெறிபிடித்து அலைகிறான். அதற்காக உயிர் நண்பனையே காட்டிக் கொடுக்கிறான்.

மாலையில் காயத்ரி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒண்ணு இடிக்குதுக்கா. இவன் ஏன் இப்படி அலையறான்? சோத்துக்குக் கொறச்சல் இல்ல. சொந்த வீடு இருக்கு. எழுதுன எனக்கே தெரியல."

உமாராணிக்குத் தெரிந்தது. மூன்றாம் அத்தியாயத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பெர்மனன்ட் ஆகி லட்டு கொண்டுவருகிறான். கொளஞ்சியப்பன் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறான். பிறகு கொல்லைக்குப் போய் நாய்க்குப் போடுகிறான். அது தின்று முடிக்கும்வரை நின்று பார்க்கிறான். அவனுக்கு வேண்டியது வேலை இல்லை. அடுத்தவன் தன்னைவிட ஒரு படி மேலே நிற்கக் கூடாது.

இதைக் காயத்ரி தெரியாமலே எழுதியிருந்தாள். உமாராணியால் பொறுக்க முடியாதது அதுதான்.

"அம்மாவுக்காகன்னு வையி," என்றாள், நறுக்கும் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மாவுக்குத் தீராத சீக்கு. பெர்மனன்ட் ஆனாத்தான் கம்பெனி ஆஸ்பத்திரில வைத்தியம் பாக்க முடியும்."

"பழைய கதை மாதிரி இருக்காதா?"

"அம்மா என்னிக்கு பழசானாங்க?"

காயத்ரி யோசித்தாள். "அப்ப அந்த லட்டு எடம் ஒட்டாதே."

"தூக்கிடு. நல்லவன் எவனாவது லட்ட நாய்க்குப் போடுவானா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று உமாராணி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

புத்தகம் வந்தது. டவுன்ஷிப்பில் ஒரு சின்ன ஹாலில் வெளியீட்டு விழா. பேச வந்தவர், "இந்தத் தாய்தான் நாவலின் உயிர்," என்றார். முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

உமாராணி தட்டவில்லை. பக்கத்தில் கணவன் அசோக்குமார், ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் கண்மூடி உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கையை இடித்தாள்.

"அந்த அம்மா நான் சொன்னது."

"எந்த அம்மா?"

"நாவல்ல வர்ற அம்மா. காயத்ரிக்கு ஒண்ணும் தோணல. நாந்தான் குடுத்தேன்."

"நல்லா இருக்கா?"

மகா மட்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாரும் அழுவுறாங்க, பாக்கலயா?"

"அப்ப ஒம் பேரையும் சொல்லுவா. சும்மா இரு."

மேடையில் காயத்ரி நன்றி சொல்லத் தொடங்கினாள். கணவர், மாமனார், மாமியார், பதிப்பாளர், அட்டைப்படம் வரைந்தவர், ஹால் கொடுத்தவர். உமாராணி முன்சாய்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் காயத்ரி இறங்கினாள். ஜனங்கள் டீக்கு எழுந்தார்கள். உமாராணி அப்படியே முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.