துடைத்த தட்டு

தமிழினிக்கு இறால் ஆகாது. போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் தெரியாமல் தின்றுவிட்டு, தொண்டை அடைத்து, பிழைத்து வந்ததே பெரிய பாடு. அதனால் புதுச்சேரி கடற்கரை ஓட்டலில் உட்கார்ந்ததுமே அவள் அம்மா ஜெயஸ்ரீ, சர்வரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"புள்ளைக்கு வெறும் தோசைங்க. இறாலு பொரிச்ச எண்ணெ கூட படக்கூடாது."

"அதுக்குத் தனி தோசைக்கல்லு இருக்குதுக்கா. பயப்படாதீங்க."

கணவன் கோகுலகிருஷ்ணன் தனக்கு இறால் வறுவல் சொன்னான். ஜெயஸ்ரீ முறைத்தாள்.

"பாண்டிக்கு வந்து தயிர்சாதமா திம்பாங்க? அந்தக் கோடியில ஒக்காந்து தின்னுட்டு, கையக் கழுவிட்டு வரேன்டி."

சொன்னபடியே மேசைக் கோடியில் தின்றான். சோப்புப் போட்டுக் கை கழுவினான். அடுத்து ஜெயஸ்ரீ கழுவப் போனாள். அந்த நேரத்தில் தோசை வந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து இறங்கும் சாமான்களில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்ப்பது கோகுலகிருஷ்ணனின் வேலை. எங்கே தட்டைக் கண்டாலும் விரல் சும்மா இருக்காது. மகளின் தட்டைச் சுண்டினான். மொத்தென்றது. உள்ளே விரிசல். சில்லு பெயர்ந்தால் பிள்ளை வாயில் அல்லவா போகும்? தான் தின்ற தட்டைச் சுண்டினான். கணீரென்றது. அதைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்து, தோசையை அதற்கு மாற்றினான்.

ஜெயஸ்ரீ திரும்பியபோது தமிழினி உதட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நாக்கு தடிச்சிக்குது."

"ஏங்க, என்னத்தக் குடுத்தீங்க?"

"தோசதான். தட்டு விரிசலா இருந்துச்சு, அதான் என் தட்டுல..."

ஜெயஸ்ரீ பிள்ளையை வாரிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஆட்டோவில் தமிழினியின் மூச்சு விசில் போல இழுத்தது. எதிரே கடல் பார்க்க வந்த கூட்டம் ஐஸ்கிரீமும் கையுமாக வழியை மறித்து நின்றது. "ஹாரன் அடிங்கண்ணா, ஹாரன் அடிங்க!" என்று கத்தினாள் ஜெயஸ்ரீ.

"பேசும்மா, ஏதாச்சும் பேசு" என்றான் கோகுலகிருஷ்ணன். தமிழினி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மெல்ல மெல்ல இழுப்பு குறைந்தது.

"மறுபடியும் வீங்கலாம். இங்கேயே இருக்கட்டும், பாத்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

ஜெயஸ்ரீ மகளின் மூக்கருகே வைத்த விரலை எடுக்கவில்லை. கோகுலகிருஷ்ணன் பிள்ளையின் நெற்றியைத் தொடக் கை நீட்டினான்.

"தொடாதீங்க. சட்டையில எங்க பட்டிருக்குதோ."

அவன் கையை இழுத்துக்கொண்டு, மகளைப் பார்த்தபடியே வாசல் வரை பின்வாங்கி நடந்தான்.