கம்பளிப் பை யாருக்கு?

சித்திரை மாதத்துச் சாயங்காலம். ஸ்ரீரங்கத்துக்குப் போகும் பாலத்தடியில் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. அந்த மணலில் நாற்பது வயது வாத்தியார் ஒருவர் கழுத்து வரைக்கும் கம்பளிப் பைக்குள் புகுந்துகொண்டு மல்லாந்து படுத்திருந்தார். ஊற்றுத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லைங்களா?" என்று ஒருத்தி, பக்கத்தில் நின்ற லூர்துவிடம் கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்காரு. முகாமுக்குத் தூங்குற பை வாங்கணும். அதான் படுத்துப் பாக்குறாரு."

அமிர்தராஜ் வாத்தியார் பையை உதறிக்கொண்டு எழுந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப் போட்ட சரக்கு அது. யாரோ எப்போதோ விட்ட வியர்வை, பாச்சா உருண்டை, எலிப் புழுக்கை எல்லாம் கலந்து ஒரு நாற்றம். வாத்தியார் இரண்டு தரம் காறித் துப்பினார்.

"இதுல ஒரு ராத்திரி படுத்தா வெந்துருவோம் லூர்து."

"படுக்க வேணாம் சார், பக்கத்துல வச்சாலே போதும்," என்றான் லூர்து.

மாதா கோயில் வாலிபர் சங்கம் மே மாதத்தில் உப்பிலியபுரத்துக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் குளம் வெட்டப் போவதாக இருந்தது. பகலெல்லாம் மண் சுமப்பது, ராத்திரி வெட்டவெளியில் படுப்பது. போன வருஷம் லால்குடிப் பக்கம் போனபோது எல்லோரும் நீளமாக ஒரே ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் சங்கத் தலைவர் இருதயநாதன், ஆளுக்கொரு பை இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கம்பளிப் பையை மாதிரிக்குக் கொடுத்தவரும் அவர்தான். அது சரிப்படாவிட்டால் நல்ல துணியாகவே தருகிறேன், தைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அமிர்தராஜுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் போதும், மகள் கல்யாணத்துக்கு அலைகிற மாதிரி அலைவார். கித்தான் பையில் படுத்துப் பார்த்தார், காற்றே புகவில்லை. ஜிப்பு வைத்த பை ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தார்; மணல் புகுந்து ஜிப்பு பாதி வழியில் மாட்டிக்கொண்டது, லூர்துதான் இழுத்து வெளியே விட்டான். கடைசியில் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்று அமைந்தது. மெல்லிய பருத்தித் துணி, கீழே இரட்டையாக, மேலே ஒற்றையாக. வெயில் காலத்தில் கதகதப்பு யாருக்கு வேண்டும்? கொசுவும் எறும்பும் வராமல் காற்று மட்டும் வந்தால் போதும். சுருட்டினால் கக்கத்தில் அடங்க வேண்டும், காலையில் துவைத்தால் உச்சி வேளைக்குள் காய வேண்டும்.

"ரெண்டு பக்கமும் பொத்தான் வச்சிருங்க சார். பூச்சி பொட்டு வந்தா எந்திரிச்சு ஓட வசதியா இருக்கும்," என்றான் லூர்து. அதுவும் சேர்ந்தது.

லூர்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். கடப்பாரை பிடிக்கவும் கூடாரம் போடவும் சங்கத்தில் அவனை விட்டால் ஆளில்லை. சேரியில் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவனும் அவன் ஜனங்களும் கோயிலின் இடது பக்கத்தில், மரக் கிராதிக்கு அந்தப்புறம் முழந்தாளிடுவார்கள். அமிர்தராஜ் பிறந்ததிலிருந்து அந்தக் கிராதியைப் பார்த்து வருகிறார். பார்த்துப் பார்த்து அது அவர் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

மாதிரிப் பையை எடுத்துக்கொண்டு வாத்தியார் ஜவுளிக்கடைக்குப் போனார். இருதயநாதன் விரித்துப் பார்த்தார், சுருட்டிப் பார்த்தார், கையில் தூக்கிப் பார்த்தார்.

"பேஷ். இறகு மாதிரி இருக்கே வாத்தியாரே. துணி இன்னிக்கே அனுப்பிடுறேன். ஆனா ஒண்ணு, எல்லாருக்கும் தைக்க வேணாம். ஒண்ணு குறைச்சுத் தைங்க."

"யாராவது வரலீங்களா?"

"வராம என்ன, எல்லாரும் வராங்க. லூர்துக்குத்தான் அந்தக் கம்பளிப் பை இருக்கே. அது அவனுக்குப் போதும்."

அமிர்தராஜுக்கு விளங்கவில்லை. "அது நாறுதுங்க. அதுல படுத்தா மனுஷன் செத்துருவான்."

இருதயநாதன் கடைப் பையன்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க வெவரம் தெரிஞ்சவரு. முகாம் முடிஞ்சா எல்லாப் பையையும் ஒண்ணாத் துவைச்சு அடுக்கிருவீங்க. அடுத்த தடவ எது எவன் படுத்ததுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம புள்ளைங்க முகம் வச்சுப் படுக்கிற துணி பாருங்க. போன வருஷம் ஜமுக்காளத்துல எம்மவன் சவரிராயன் அந்த லூர்து பக்கத்துல படுத்திருக்கான். அவங்கம்மா தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் உள்ள விட்டா. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே."

சொல்லிவிட்டு அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. ஏதோ கோடிச் சேலையில் கறை படாமல் மடிக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிதான் பேசினார்.

மணலில் அந்தக் கம்பளி அடித்ததைவிட மோசமான நாற்றம் ஒன்று இந்தப் பேச்சில் அடிப்பதாக அமிர்தராஜுக்குத் தோன்றியது. காற்று வருகிறதா, மடிக்க வருகிறதா, சீக்கிரம் காய்கிறதா என்று ஒரு மாதமாகத் தலையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா? ஒரு மனிதன் மேல் இன்னொரு மனிதன் பட்டுவிடாமல் இருக்க உறை தைத்துக் கொடுக்கத்தான் இத்தனை பாடா?

ஆனால் வாயைத் திறந்து அவர் சொன்னது, "பாக்குறேங்க," என்பது மட்டும்தான். இவரை விரோதித்துக்கொண்டால் முகாமே நின்றுபோகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

துணி வந்தது. அவர் மனைவி ரோசரி தையல் மிஷினில் உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மிதித்த காலை நிறுத்தினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? நானே அந்தக் கம்பளிய எடுத்துக்குறேன். என் பைய லூர்துகிட்ட குடுத்துடுறேன். பிரச்சினை தீர்ந்துரும்."

ரோசரி மறுபடியும் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் கூடாரக் கயிறு பார்க்க லூர்து வந்தபோது, வாத்தியார் பெரிய தியாகம் செய்கிறவர் போல அதை அவனிடமும் சொன்னார். லூர்து கயிற்றைக் கீழே வைத்தான். இருதயநாதன் குரலைத் தாழ்த்தியும் கடைப் பையன்கள் கேட்டுவிட்ட அந்தப் பேச்சு அவன் காதுக்கு முன்னமே எட்டியிருந்தது.

"நீங்க அதுல வேகுறதால எனக்கு என்ன மரியாதை சார்? பாவம்னு நெனைக்கிறீங்க. தப்புன்னு அவருகிட்ட சொல்ல மாட்டேங்குறீங்க."

"முகாம் நின்னுருமேப்பா."

"நான் வரல சார். குளம் வெட்ட என் கை வேணும், ஆனா என் முதுகு பட்ட துணி ஆகாது. அந்தக் குளத்துத் தண்ணி எப்படி சார் இனிக்கும்?"

அவன் குரல் உயரவில்லை. கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத்தான் போனான்.

அமிர்தராஜுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. பிறகு எழுந்து, தைத்து முடித்த பைகளில் இரண்டை எடுத்துப் பிரித்துத் தரையில் போட்டார். ஒன்றின் பொத்தானை அடுத்ததன் காஜாவில் மாட்டிப் பார்த்தார். அளவாகப் பொருந்தியது.

"ரோசரி, லூர்துக்கும் சேத்துத் தை. துணி பத்தலைன்னா என் வேட்டிய வெட்டிக்க."

"அப்பவே வெட்டியாச்சு," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

மறுநாள் விடிந்ததும் வாத்தியார் சேரிக்குப் போனார். அத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. லூர்து வீட்டு வாசலில் நின்று, "தப்பைத் தப்புன்னு சொல்லப் போறேன் லூர்து. நீ வந்து பக்கத்துல நில்லு, போதும்," என்றார்.

புறப்படும் நாள். பூசை முடிந்து கோயில் வளாகத்தில் வாலிபர்கள் கூடியிருந்தார்கள். பஸ் நின்றது. வழியனுப்ப வந்த பெற்றோர் முன்னிலையில் ஆளுக்கொரு பையைத் தன் கையால் கொடுக்க இருதயநாதன் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். லூர்து வாசல் ஓரமாக, கையில் எதுவும் இல்லாமல் வந்து நின்றான்.

அமிர்தராஜ் மூட்டையை அவிழ்த்தார். பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் போட்டு, ஒன்றோடு ஒன்றைப் பொத்தான் மாட்டிக்கொண்டே போனார். வெள்ளைத் துணி வளாகத்தின் நடுவில் ஒரே விரிப்பாக நீண்டது.

"என்ன வாத்தியாரே இது?" என்றார் இருதயநாதன்.

"போன வருஷத்து ஜமுக்காளந்தாங்க. இந்தத் தடவ கொஞ்சம் எடை கம்மி." அமிர்தராஜ் கம்பளிப் பையை எடுத்து இருதயநாதன் முன்னால் வைத்தார். "இது உங்களுது. நாங்க யாரும் இதுல படுக்குறதா இல்ல. லூர்து படுத்த துணி தீட்டுன்னு சொன்னீங்க. தீட்டு அவன்கிட்ட இல்லீங்க."

இருதயநாதன் முகம் கறுத்தது. "அது என் கடைத் துணி. எல்லாத்தையும் கழட்டி மூட்டை கட்டுங்க. முகாமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கட்டிடுறோம். வெறும் தரையில படுத்துக்குவோம். தரையை ஒண்ணாக்கப் பொத்தான் வேணாங்க, அது எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அப்போது சவரிராயன் கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் விரிப்பின் ஒரு முனைக்குப் போய்க் குனிந்தான். "லூர்து, அந்த முனையப் பிடி. இதை ஒரே ஆளாச் சுருட்ட முடியாது," என்றான்.

லூர்து வாசலிலிருந்து மெதுவாக நடந்து வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் சுருட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள்.

"சவரி, இதைத் தொட்டுட்டு வீட்டுக்குள்ள வராதே," என்றார் இருதயநாதன்.

"போன வருஷம் அம்மா என் தலையில தண்ணி ஊத்துனப்ப நான் பேசாம நின்னேன்பா. அன்னிக்குத்தான் எனக்கு என் மேலயே அருவருப்பா இருந்துச்சு. கம்பளி நாத்தம் ரெண்டு நாள் வெயில்ல போட்டா போயிரும். கூட இருக்கிற மனுஷன அழுக்குன்னு நெனைக்கிற நாத்தம் எந்த வெயில்லயும் போகாது. அதை அவனவனேதான் துவைக்கணும்."

விரிப்பு பஸ் கூரை மேல் ஏறியது. இருதயநாதன் அதைத் திரும்பக் கேட்கவில்லை, பஸ்ஸையும் தடுக்கவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் அவர் வளாகத்தில் தனியாக நின்றிருந்தார். காலடியில் அந்தக் கம்பளிப் பை கிடந்தது. அன்றைக்குக் காற்று அவர் பக்கமாகத்தான் அடித்தது.