பரசுராமன் போடாத பெர்மிஷன்

அரசு அலுவலக கிளார்க் பரசுராமன் ஓய்வு பெற்ற மறுநாள், மாலை நாலே முக்காலுக்கு, இறந்து மூன்று வருடமான அவர் மனைவி ஆராயி ராஜகோபுரத்துக்கு எதிரே பையும் கையுமாக நின்றிருந்தாள். சரியாக ஒரு மணி நேரம் அவரோடு இருந்துவிட்டுக் காணாமல் போனாள். திருவண்ணாமலையில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அன்று தக்காளி விலை ஏறியிருந்தது, அதைத்தான் பேசினார்கள்.

விஷயம் இதுதான். மாதத்தில் இரண்டு தடவை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப ஆபீசில் இடமுண்டு. அதற்குப் பெயர் பெர்மிஷன். பல்வலிக்கு, பெண் பார்க்க, கேஸ் சிலிண்டர் வாங்க என்று எல்லாரும் போட்டார்கள். இந்த மனுஷன் முப்பத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. ஈட்டிய விடுப்பு மாதிரி இதுவும் சேரும் என்று நம்பியிருந்தார். எந்தப் புண்ணியவான் சொன்னானோ! ஆராயி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தால் வெயில் தாழ ஜோடியாக மலையைச் சுற்றலாம். சேர்த்து வைத்தால் பின்னால் உதவும் என்பார் இவர். அவள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சுற்றினாள். ஒருநாள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். ஓய்வு பெற்ற அன்று விசாரித்தபோது, அதெல்லாம் அந்தந்த மாதத்தோடு போச்சு சார் என்று செக்‌ஷனில் இருந்த சினேகா சொன்னாள். பரசுராமன் ஃபைல் கட்டுகளுக்குப் பின்னால் போய் அழுதார்.

ஆனால் அவர் போடாத அந்த ஒவ்வொரு மணி நேரமும் ஆராயியோடு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் நடந்தார்கள். முதல் நாள் எம லிங்கம் வரை. மறுநாள் நாலே முக்காலுக்கு அவள் விட்ட இடத்திலேயே காத்திருந்தாள். கல்யாணமான புதிதில் இருந்த ஒண்டுக் குடித்தனத்தையும், அங்கே ஒரே குடத்தை வைத்து மழை ஒழுகலைப் பிடித்ததையும் பேசிப் பேசிச் சிரித்தார்கள். சுற்று முடிந்தால் அவள் ஆசை தீர்ந்து வரமாட்டாளோ என்ற பயம் அவரை அடி அண்ணாமலையில் பிடித்தது. அப்புறமென்ன, முள் குத்திவிட்டது, முட்டி வலி என்று கடைக்குக் கடை உட்கார்ந்தார். ஐந்து நாளில் முடியவேண்டியது ஐந்து மாதம் இழுத்தது.

கடைசியில் ஆராயியே கையைப் பிடித்து இழுத்து வந்து சுற்றை முடித்தாள். கோபுரத்துக்கு எதிரே ஜானி பாஷாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“அன்னிக்கு உங்ககிட்ட சொல்லாமயே பூட்டேன்,” என்றாள். “இன்னிக்குக் கேட்டுட்டுப் போறேன். கெளம்பட்டுங்களா?”

முப்பத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. ஆபீசர்கள் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

“ஒரு மணி நேரந்தான். அதுக்குள்ள வந்துடணும்.”

சரிங்க என்று சொல்லிவிட்டு அவள் பூக்கடைக் கூட்டத்தில் நடந்தாள்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. பரசுராமன் தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யாராவது உட்கார வந்தால் பலகையில் கை வைத்து, “ஆள் வராங்க” என்கிறார். பௌர்ணமிக் கூட்டத்தில்கூட அந்த இடத்தில் ஜானி பாஷா யாரையும் உட்கார வைப்பதில்லை.