பச்சை நுனிக் கோட்டை

செங்கம் சாலையில் பந்தல்காரர் அப்துல் ரசாக்கின் சவுக்குக் கட்டைகள் படுத்ததே இல்லை. படுக்கவைத்தால் கரையான் ஏறிவிடும். அதனால் வாடகை மனையில் சதுரமாக, நெருக்கி நட்டுவைத்திருந்தார். அடுத்தவர் கட்டையோடு கலந்துவிடாமலிருக்க நுனியில் பச்சை பெயிண்ட்.

மனைக்காரர் சக்கரபாணி வந்து நின்றார். "பாய், தை மாசம் லாட்ஜ் கட்டப் போறேன். காலி பண்ணிடுங்க."

அத்தனை கட்டைக்கும் வேறு இடம் கிடைக்கவில்லை. ரசாக்குக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி கட்டைகளின் முன் நின்று கண்கலங்கினாள். வருஷாவருஷம் வருகிறவள், தமிழ் பேசுவாள். நாடு தேடிப் போன முன்னோடிகள் அவள் ஊரில் குளிர்காலத்துக்கு இப்படித்தான் மரக்கோட்டை கட்டித் தங்கினார்களாம்.

"இதுவும் அவங்க கட்டினதுதாம்மா. மலைக்குப் பின்னால கடல் இருக்குதுன்னு தேடி வந்தாங்க. மார்கழிப் பனி மடக்கிடுச்சி. முட்டி வரைக்கும் பனி!" என்றார் ரசாக்.

அவள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினாள். பெண் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார்.

"பச்சை எதுக்கு?"

"அவங்க கொடி கலருங்க மேடம்."

"கையில ஒட்டுதே?"

"அந்தக் காலத்துப் பனிங்க. இன்னும் காயல."

மனையை யாரும் தொடக் கூடாது, கோட்டையைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. வேலி வேலையும் ரசாக்குக்கே வந்தது.

"ஏங்க, கட்டையெல்லாம் கோட்டையில நிக்குது. வேலிக்கு எங்க போவீங்க?" என்றாள் மனைவி நசீமா.

ஊரிலிருந்த மற்ற கட்டையெல்லாம் கார்த்திகை தீபக் கூட்டத்துக்குத் தடுப்பாகப் போயிருந்தது. ரசாக்கும் அவருடைய ஆள் மணிவேலும் கோட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே நட்டார்கள். வேலி பிரமாதமாக அமைந்தது. உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது.

ரிப்பன் வெட்ட வந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். "கோட்டை எங்கய்யா?"

"முகாம்தானுங்களே மேடம். இந்த வருஷம் பனி கம்மி. சீக்கிரமே பிரிச்சிக்கினு கிளம்பிட்டாங்க."

அதிகாரி கத்தரிக்கோலைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், வெட்டினார். முதல் ஆளாகக் கைதட்டியவள் வெள்ளைக்காரம்மா. சக்கரபாணி மட்டும் தட்டவில்லை.

தை பிறந்தது. ஒரு கல்யாணப் பந்தலுக்காக ரசாக் நிம்மதியாக வந்து ஒரு கட்டையை அசைத்தார். விசில் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டையில் மணிவேல் ஓடிவந்தான். அவனைத்தான் காவலாளியாகப் போட்டிருந்தார்கள்.

"கை எடுங்க பாய். சரித்திரம்!"