ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்

1

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பதினெட்டு வருடமாக வாரப் பத்திரிகையில் திகில் தொடர் எழுதுகிறவள் நான். திருடியது என் மகளிடம். வயது பதினாறு.

2

தொடக்கம் ஒன்று: ‘அவள் கதவைத் தாழிட்டுத் திரும்பினாள். உள்ளே ஏற்கெனவே ஓர்—’

வேண்டாம். மிகை. என் மகள் பூட்டுவதெல்லாம் இணையப் பக்கத்தைத்தான்.

தொடக்கம் இரண்டு: மகளின் தோழி சுண்டு, பாடக் குறிப்பு அச்செடுக்க என் கணினியில் தன் கணக்கைத் திறந்தாள், மூடாமல் போய்விட்டாள். அது வழியாக, தோழிகளுக்கு மட்டும் திறக்கும் மகளின் பூட்டிய பக்கத்துக்குள் நுழைந்தேன். (ஐந்தே நிமிடம். சரி, நாற்பது.)

அங்கே ஒரு பதிவு: ‘பரீட்சை ஹால்லேர்ந்து பாதியில ஓடி வந்துட்டேன். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால உக்காந்து அழுதேன். வீட்ல தெரியாது.’

பெற்றவள் பதற வேண்டும். பதறினேன். அடுத்த வாரமே என் கதாநாயகி ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

3

மகள் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றாள்.

“இதை உனக்கு யாரும்மா சொன்னா?”

“கதைடி. கற்பனை.”

“கற்பனையா? அழுதது நிஜம். இடத்தை மட்டும் அஞ்சு பேருக்கு அஞ்சு விதமா மாத்திப் போட்டேன். ஒருத்திக்கு பஸ் ஸ்டாப், ஒருத்திக்கு மொட்டை மாடி. எவ வாய் ஓட்டைன்னு பார்க்கத்தான். ஜெராக்ஸ் கடை சுண்டுக்கு மட்டும்.”

(பதினெட்டு வருடத்தில் இப்படியொரு பொறி எனக்குத் தோன்றவில்லையே!)

“சுண்டுதானே சொன்னா?”

நான் தலையை—

ஆட்டினேன்.

4

ஆறு வருட நட்பு, ஒரே தட்டலில் ‘பிளாக்’. சுண்டு வாசல் வரை வந்தாள்.

“ஆன்ட்டி, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களாவது சொல்லுங்களேன்.”

“பேசிப் பார்க்கறேன்மா.”

[இந்த வசனத்தை மூன்று முறை அடித்தேன். வில்லி பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அப்படித்தான் பேசினேன்.]

5

முடிவு அ: உண்மையைப் பத்திரிகையில் எழுதிவிடுகிறேன். சுண்டு தப்பிப்பாள், மகள் அழுதது ஊருக்கே தெரியும்.

முடிவு ஆ: மகளிடம் மட்டும் சொல்கிறேன். அப்புறம் அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூட—

எழுத வரவில்லை. இதுவரை எழுதிய பக்கங்களை அவளிடமே நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

“சுண்டுக்கு போன் போடு. இப்பவே. ஸ்பீக்கர்ல.”

போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் சுண்டு அழுதாள். இந்தப் பக்கம் மகள் என்னைப் பார்க்கவேயில்லை.

“இதை அச்சுக்குக் குடுக்கவா?” என்று கேட்டேன்.

பதில் சொன்னாள். அதை எழுத மாட்டேன். அதுவாவது அவளுடையதாக இருக்கட்டும். ஆனால், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று, அவள் சரி என்றிருக்க வேண்டும். இல்லையென்றால், நான் இன்னும் திருந்தவில்லை.

என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டீர்களே, நீங்களே சொல்லுங்கள்.