நானூற்றுப் பதினோராவது சீட்டு

வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்தவர்கள் நானூற்றுப் பத்துப் பேர். மேஜையில் குவிந்த சீட்டுகள் நானூற்றுப் பதினொன்று.

"எவனோ ரெண்டு எழுதிப் போட்டிருக்கான். விடுங்க சார்," என்றாள் உதவி ஆசிரியை.

புள்ளியியல் பேராசிரியர் விடவில்லை. வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, புரியாததை ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் வேண்டாம். அடுத்த வகுப்பு அவற்றுக்கான பதில்களோடுதான் தொடங்கும். அத்தனை பெரிய கூட்டத்தை அவர் கட்டி மேய்த்தது இந்த ஒரே வித்தையால்தான்.

ஒரு சீட்டில் கை நின்றது. கேள்விக்குறியின் அடியில் புள்ளி இல்லை. குட்டி வட்டம்.

ஆறு வயதிலிருந்தே அப்படிப் போடுகிறவள் அவர் மகள். "உனக்கெல்லாம் கணக்கு எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் அவர் கேட்ட அன்று வீட்டைவிட்டுப் போனவள். இரண்டு வருடம். போனை எடுப்பதே இல்லை. பின்கதவு வழியாக நுழைந்திருக்கிறாள்!

அடுத்த வாரம் அவள் கேள்விக்குத்தான் முதல் பதில். பத்து நிமிடம், மூன்று உதாரணம். மறுபடி வட்டம் வந்தது. ஐந்து வாரம் வந்தது. ஐந்து சீட்டுகளும் அவர் சட்டைப் பையிலேயே கிடந்து மடிப்பில் கிழிந்தன.

ஆறாவது வாரம் பொறுக்க முடியவில்லை.

"இனிமே சீட்டுல இருக்கை நம்பரையும் எழுதுங்க," என்றார் மைக்கில்.

அன்று அட்டை முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. சீட்டும் அதே.

"அப்பாடா, இன்னிக்குத்தான் சார் சரியா வருது!" என்று சிரித்த உதவி ஆசிரியை அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன சார், பேயடிச்ச மாதிரி?"

"அந்தக் கூடுதல் சீட்டு என் பொண்ணும்மா. ரெண்டாவது தடவையா நானே துரத்திட்டேன்."

மறுவாரம் பாடம் தொடங்கும் முன்பே மைக்கை எடுத்தார்.

"நம்பர் கேட்டது என் தப்பு. வேண்டாம். யாருன்னு தேட மாட்டேன். இந்தப் பாடம் உனக்கு வராதுன்னு ஒருத்தர்கிட்ட சொன்னேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

"சாருக்கு என்னடா ஆச்சு?" நடுவரிசையில் கிசுகிசுப்பு.

கடைசி மூன்று நிமிடமும் பலகையைப் பார்த்தபடியே நின்றார். முதுகுக்குப் பின்னால் காகிதச் சலசலப்பு. காலடிகள். பிறகு அதுவும் இல்லை.

அட்டை நானூற்று இரண்டு. உதவி ஆசிரியை எண்ணினாள்.

"நானூத்தி ஒண்ணு, ரெண்டு..." நிறுத்தினாள். மிச்சமிருந்த ஒரு சீட்டை நீட்டினாள்.

'மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சுப் பேசக் கூடாதா? பின்னாடி சரியாவே கேக்கல.'

கேள்விக்குறியின் அடியில் குட்டி வட்டம்.

அரங்கம் காலி. பின்கதவு மட்டும் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் மைக்கை உதட்டருகே கொண்டுபோனார்.

"இப்போ கேக்குதாம்மா?"